இரண்டாம் பாதி ஆடாத டீம்

விளையாட்டு மேனேஜ்மெண்ட் படித்துவிட்டு இந்த வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளே, அனுபவத்தைச் சொல்லச் சொன்னீர்கள். முதலில் என் படிப்பைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சைக்குப் போகவில்லை. மாடு காணாமல் போய்விட்டது, தேடப் போனேன் என்று வாத்தியாரிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் மாடே கிடையாது என்பது அவருக்கும் தெரியும். அவர் அடித்த அடியில் பள்ளிக்கூடம் இருந்த தெருவையே மறந்துவிட்டேன். அப்படிப்பட்ட ஆள்தான் அருள்புரம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் கபடி டீமுக்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். நீங்கள் மூன்று வருஷம் காலேஜுக்குப் போய்ப் பிடிக்கும் பதவியை நான் தொண்டையை வைத்துப் பிடித்தேன்.

நான் அந்தக் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். பொங்கலூர்ப் பக்கம் ஒரு கோயில் நோம்பித் திருவிழாவில் கபடி நடந்தது. கோட்டுக்கு வெளியே நின்று நான் போட்ட சத்தத்தில், கபடி கபடி என்று பாடிப் போன பையன் பாட்டை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அமுக்கிவிட்டார்கள். அதைப் பார்த்த எங்கள் முதலாளி மறுநாள் கூப்பிட்டு, "ஏனுங்ணா, இந்தத் தொண்டைய அயர்ன் டேபிள்ல வெச்சு வீணாக்கலாமுங்களா?" என்றார். அன்றிலிருந்து மேனேஜர். மேனேஜர் என்றால் தண்ணீர்க் கேன் தூக்க வேண்டும், ஐஸ் கட்டி வாங்கி வர வேண்டும். பிள்ளைகள் ஆடப் போகும்போது கழற்றிக் கொடுக்கும் தோடு, கொலுசு, செயின் எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடியும்வரை நான் நடமாடும் நகைக்கடை. இதற்கு மேல் எனக்கு ஒரு பொறுப்பும் கிடையாது. நன்றாகத்தான் இருந்தது.

கம்பெனி டீம் எப்படி நடக்கும் என்று உங்கள் புத்தகத்தில் இருக்காது. ஆடத் தெரிந்த பிள்ளைகளைப் பேக்கிங்கிலும் செக்கிங்கிலும் வேலைக்குச் சேர்ப்பார்கள். மற்றவர்கள் பகல் ஷிப்ட் முடிந்ததும் டீ குடித்துவிட்டு அரை ஷிப்ட் சேர்த்துப் பார்ப்பார்கள். வேலை நெருக்கினால் இரண்டு ஷிப்டும் பார்ப்பார்கள். டீம் பிள்ளைகளுக்கு மட்டும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேட் திறக்கும். நேராக மைதானம். அந்த ஐந்து மணிதான் அவர்களுக்கு வாழ்க்கை. மற்ற பெண்களுக்கு அதுவே வயிற்றெரிச்சல்.

பக்கத்துக் கல்லூரியில் பி.பி.ஏ.வுக்குள் விளையாட்டு மேனேஜ்மெண்ட் என்று ஒன்று தொடங்கினார்கள். அங்கிருந்து ஒரு பேராசிரியர் வந்து, பிள்ளைகளுக்கு இண்டஸ்ட்ரி எக்ஸ்பர்ட் ஒருவர் வந்து பேச வேண்டும் என்றார். முதலாளி போனில் பேசிக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டினார். பக்கத்தில் இருந்த ஓவர்லாக் தையல் மிஷினைக் காட்டினாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

வகுப்பில் போய் நின்றேன். ஒரு பையன் எழுந்து, "சார், உங்க லீடர்ஷிப் ஸ்டைல் என்னங்க சார்?" என்றான்.

"தண்ணிக் கேனை எடது தோள்ல வெப்பனுங்க தம்பி. வலது தோள்ல வெச்சா கையத் தூக்கி விசிலடிக்க முடியாது."

வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. "மேட்சுக்கு முந்தின நாளு பிள்ளைங்க எவ்வளவு நேரம் தூங்குவாங்க சார்?" என்று கேட்டாள்.

"கம்பெனி ஹாஸ்டல்ல எவ எப்பத் தூங்கறான்னு நான் எட்டிப் பாத்தா, செருப்பு வருங் கண்ணு."

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஏதோ எழுதிக்கொண்டாள். அவள்தான் எஸ்தர். கடைசி வருஷப் பயிற்சிக்கு எங்கள் கம்பெனியையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

அவள் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர் டெய்லர், அம்மா செக்கிங். ஒரு நாள் அவரை டீக்கடையில் பார்த்தேன். "சர்ச்சுல கேக்காவண்ணே, மக என்ன படிக்கான்னு. பி.பி.ஏ.ன்னு சொல்லி நிப்பாட்டிருவேன். அதுக்கு மேல சொன்னா, பொம்பளப்புள்ள கபடி வெளையாடவா காலேஜ் அனுப்புதீருன்னு சிரிப்பாவ" என்றார். படிப்பு முடிந்ததும் ஒரு மாதம் பொறுப்பாராம். விளையாட்டில் வேலை கிடைக்கவில்லை என்றால், தான் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே ஆபீசில் சேர்த்துவிடுவாராம். பேசியும் வைத்துவிட்டார்.

எஸ்தர் வந்ததும் எனக்குப் பாதி வேலை போயிற்று. நகைக்கடை மட்டும் மிஞ்சியது. எதிர் டீமின் ஆட்டத்தைப் போனில் படம் பிடித்து வந்து பிள்ளைகளுக்குக் காட்டினாள். எவள் எந்தக் காலில் சாய்ந்து நிற்கிறாள், எவள் மூச்சு எங்கே விடுகிறாள் என்பது வரைக்கும் சொன்னாள். கேப்டன் முத்துமாரி தென்காசிக்காரி, வாய் நீளம். "நேத்து வந்த புள்ள எனக்குப் புடிக்கச் சொல்லித் தருதா" என்றுதான் ஆரம்பித்தாள். பிறகு அவள்தான் எஸ்தரை விட்டு நகரவில்லை. கம்பெனிகளுக்கு இடையிலான போட்டியில் எங்கள் டீம் முதல் தடவையாகப் பைனலுக்கு வந்தது.

முதலாளி மைதானத்துக்கே வந்துவிட்டார். "நெம்ப சந்தோசங் கண்ணு. பைனல் நல்லபடியா முடியட்டும். ஸ்போர்ட்ஸ் ஆபீசர்னு ஒரு போஸ்ட் போட்டு உன்னய உக்கார வெக்கறேன். டீமும் வருசா வருசம் நடக்கட்டும்" என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார். அவள் வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் அப்பா கம்பெனிக்கும் பேங்குக்கும் என்று முடிவாகி இருந்தார்கள். படித்த படிப்பிலேயே வேலைக்குப் போகப்போகிறவள் அவள் ஒருத்திதான். பைனல் நாள் வரைக்கும்.

பைனலுக்காக அவள் ஒரு அட்டவணை போட்டு ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருந்தாள். முட்டை என்றைக்கு, சுண்டல் என்றைக்கு, ஓட்டம் என்றைக்கு, ஓய்வு என்றைக்கு என்று கலர் கலராக இருந்தது. சனிக்கிழமை லேசான பயிற்சி, சீக்கிரம் தூக்கம். ஞாயிறு காலை பைனல். அதில் இல்லாதது ஒன்றே ஒன்று. அந்த வாரம் ஷிப்மெண்ட் இருந்தது.

முகூர்த்தம் குறிப்பதற்கு முன்னால் ஷிப்மெண்ட் தேதியைக் கேட்கிற ஊர் இது. நான் ஆயுசு முழுக்கக் காலருக்கு இஸ்திரி போட்டவன், எனக்குத் தோன்றவில்லை. அட்டவணையை வீட்டில் வைத்து எழுதும்போது அவள் அப்பாவும் அம்மாவும் பார்த்தார்களாம். அவர்களுக்கும் தோன்றவில்லை. விளையாட்டு என்பது வேறு ஏதோ ஊரில் நடக்கிற சமாச்சாரம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை மத்தியானம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் வந்து ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். யாரோ எங்கோ ஓடிப் பழகுவதற்கான பனியன்கள். மீடியம் ஸ்டிக்கர் லார்ஜில் ஒட்டியிருந்தது. அடுத்த பெட்டியிலும் அப்படியே. மொத்தமும் ரிஜெக்ட். எல்லாப் பெட்டியையும் பிரித்து, பார்த்து, மறுபடி கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும். எல்லோருக்கும் இரண்டு ஷிப்ட், யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார்.

எஸ்தர் முதலாளி அறைக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். கூட ஒரு தொண்டை இருக்கட்டும் என்றுதான்.

"சார், நாளைக்குக் காலைல பைனல். ஏழு பேரை மட்டும் அஞ்சு மணிக்கு விட்டீங்கன்னா போதும்."

எங்கள் முதலாளி கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கொங்கு மரியாதை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். "எனக்கு மட்டும் கப்பு வேண்டாமுன்னா இருக்குது கண்ணு? தாராளமாக் கூட்டீட்டுப் போ. பக்கத்து டேபிள்காரிககிட்ட மட்டும் நீயே ஒரு வார்த்த சொல்லீரு. இவுங்க வேலையயும் நீங்களே பாருங்கன்னு அவுங்ககிட்ட நான் சொல்ல முடியாது பாரு" என்றார்.

பேக்கிங்குக்குப் போனோம். எஸ்தர் வாயைத் திறக்கும் முன்பே ஒரு அக்கா ஆரம்பித்தாள். "போங்கடி மகாராணிகளா, போங்க. கப்ப வாங்கீட்டு வாங்க. உங்க பெட்டியயும் நாங்களே கட்டிக்கறோம். எங்க ஊட்டுல எல்லாம் புள்ளைக இல்ல பாரு, சும்மாதான் கெடக்குது."

எஸ்தர் முத்துமாரியைப் பார்த்தாள். முத்துமாரி கையிலிருந்த பனியனை மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஏட்டீ, நீ போ. முடிச்சிட்டு வாரோம்."

"மாரியக்கா, தூங்காம ஆட முடியாதுக்கா."

"இவளுவ மூஞ்சில திங்கக்கெழம முழிக்கணும்லா. அத யாரு முழிப்பா, நீயா? காலைல வந்துருவோம். ஆடிருவோம். நீ பயப்படாம போ."

இந்த இடத்தில் நான் ஏதாவது அறிவாகச் சொல்லியிருப்பேன் என்று நீங்கள் எதிர்பார்க்கக் கூடாது. "ஸ்டிக்கர நானும் ஒட்டட்டுங்களா?" என்று கேட்டேன். "நீங்க உங்க வாய்க்கு ஒண்ணு ஒட்டிக்கோங்கண்ணா" என்று விரட்டிவிட்டார்கள்.

ஞாயிறு காலை ஏழு பேரும் வந்தார்கள். மாற்று ஆட்டக்காரிகள் இரண்டு பேர் கண்டெய்னர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், வரவில்லை. வந்தவர்கள் கண்ணெல்லாம் ரத்தச் சிவப்பு. தோடு கழற்றிக் கொடுக்கும்போது ஒருத்தி இரண்டு கையாலும் காதைத் தேடினாள். மேடையில் முதலாளி, அவர் மகனுக்குப் பெண் கொடுக்கப்போகும் சம்பந்தி வீட்டார், நாலைந்து கம்பெனி முதலாளிகள். மைக் செட் காரர் எங்கள் கம்பெனி பெயரை மூச்சுக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் பாதியில் நன்றாகத்தான் ஆடினார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு பாயிண்ட்தான் பின்னால் இருந்தோம். முத்துமாரி தூக்கத்திலும் புலிதான். ஆனால் பிடிக்கப் போன செல்வி, எங்கள் டீமில் சின்னவள், எதிராளியின் முழங்காலில் மண்டையைக் கொடுத்தாள். எழுந்தாள். ஆடுகளத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். நேராகப் போய் எதிர் டீமோடு கை கோத்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரிக்க வாயைத் திறந்துவிட்டேன். எஸ்தர் அதற்குள் உள்ளே ஓடி அவளைக் கூட்டி வந்து, முகத்தைப் பிடித்து, கண்ணுக்குள் பார்த்தாள்.

"செல்வி, நாம எங்க இருக்கோம்?"

"இன்னும் எத்தன பெட்டிக்கா பாக்கி?" என்றாள் செல்வி.

இடைவேளை விசில் அடித்தது. செல்வியைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எஸ்தர் மற்ற ஆறு பேரையும் வரிசையாகப் பார்த்தாள். ஒருத்தி தண்ணீர்க் கேன் மேல் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.

"ரெண்டாவது பாதி ஆட வேண்டாம்க்கா. வாக்ஓவர் குடுத்துருவோம்."

முத்துமாரி துள்ளி எழுந்தாள். "என்னது? ஆறு பேரு ஆடலாம்னு ரூல் இருக்குல்லா?"

"ரூல் இருக்குக்கா. நீங்க ரெண்டு தடவ கோட்டத் தாண்டி வெளிய நின்னீங்க. உங்களுக்கே தெரியல. அடுத்து ஒரு கழுத்து போனா நான் என்ன பண்ணுவேன்?"

"எங்க கழுத்துட்டீ. நாங்க ஆடுதோம்னு சொல்லுதோம். நீ யாரு வேண்டாங்கதுக்கு?"

எஸ்தர் மேடையைப் பார்த்தாள். தன் வேலை அங்கே மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பிறகு நேராக நடுவர் மேஜைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். சம்பந்தி பக்கத்தில் இருந்ததால் சிரித்துக்கொண்டே கேட்டார். "ஏனுங்ணா, அந்தப் புள்ள என்னமோ சொல்லுதாமா. நீங்கதானுங்க மேனேஜரு. நீங்க சொல்லுங்க, ஆடறாங்களா இல்லையா?"

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக யாரோ என்னை மேனேஜர் என்று நிஜமாகக் கேட்கிறார்கள். பதில் வழக்கம்போலக் கோணலாக வந்தது. "நானும் ஆடலீங்க முதலாளி. எனக்கும் தூக்கம் பத்தல."

சம்பந்தி சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. மைக்கில் அறிவித்தார்கள். ஊளைச் சத்தத்தில் என் தொண்டைகூடத் தோற்றுப்போனது. எதிர் டீம் பிள்ளைகள் கப்பை வாங்கிக்கொண்டு எங்களைப் பார்க்கக் கூச்சப்பட்டுப் போனார்கள். நான் இடுப்பு முடிச்சை அவிழ்த்து அவரவர் நகையைக் கொடுத்தேன். முத்துமாரி தோட்டை வாங்கிக் காதில் போடாமல் கைக்குள் மூடிக்கொண்டாள்.

செல்விக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு நாள் படுத்திருந்தாள், எழுந்து வேலைக்கு வந்துவிட்டாள். அதுதான் எஸ்தருக்குப் பெரிய கெடுதலாகப் போயிற்று. யாராவது ஒருத்திக்குக் கை கால் போயிருந்தால், அந்தப் புள்ள அப்பவே சொல்லுச்சு என்று ஊர் பேசியிருக்கும். நல்லபடியாக இருந்ததால், ஒன்றும் இல்லாததற்குக் கப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று பேசியது. பிள்ளைகளே, இந்த வேலையில் நீங்கள் தடுத்து நிறுத்தும் விபத்துக்குச் சாட்சியே கிடையாது. இதை மட்டும்தான் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். எஸ்தரை உட்காரச் சொன்னார். காபி வந்தது.

"உனக்குத் தைரியம் இருக்குது கண்ணு. ஆறு பேரும் ஆடறமுன்னு நிக்கறாங்க, மேல நாங்க அத்தன பேரு உக்காந்திருக்கறோம், ஒத்தையா வேண்டாமுன்னு சொல்லிப்போட்டே. அப்பிடி ஒரு ஆளு எனக்குப் பேக்கிங் ப்ளோர்ல வேணும். சூப்பர்வைசராச் சேந்துக்க."

"டீமு, சார்?"

"டீமு இனி என்னத்துக்குங் கண்ணு. காபி ஆறுது, குடி."

அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேட் திறக்கவில்லை. எஸ்தர் கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முத்துமாரி டீ டம்ளரோடு வந்து அவள் முன்னால் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன், பழைய சத்தமே இல்லை.

"தோத்துருப்போம்ட்டீ. சரி. எவளுக்காவது கால் ஒடஞ்சிருக்கும். அதுவுஞ் சரி. அஞ்சு மணிக்கு வெளிய வாரதுக்கு எங்களுக்குன்னு ஒரு காரணம் இருந்துச்சுல்லா. அதைக் கொண்டு போயி நடுவரு மேசைல வச்சிட்டு வந்துட்டியே."

முத்துமாரி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அரை ஷிப்டுக்கு உள்ளே போனாள்.

எஸ்தரின் அப்பா, வந்த வேலையை விடாதே என்றார். சேர்ந்துவிட்டாள். மறு வருஷம் கல்லூரியிலும் விளையாட்டு மேனேஜ்மெண்டைத் தனியாக நடத்தவில்லை. பி.பி.ஏ.வில் ஒரு பாடமாகச் சுருக்கிவிட்டார்கள். முதல் செட்டில் அந்தத் துறைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பேராசிரியர் பேச்சை மாற்றுவார்.

எஸ்தர் செய்தது சரியா என்று உங்களிடம் பரீட்சையில் கேட்டால், சரி என்று எழுதுங்கள். மார்க் போடுவார்கள். நானும் சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என்னிடம் வந்து, அவள் மாதிரியே நாங்களும் நடந்துகொள்ளலாமா அண்ணா என்று கேட்காதீர்கள். அவளைக் கடைசியாகப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, பேத்தியின் காது குத்துக்கு அழைக்கக் கம்பெனிக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம். எஸ்தர் கழுத்தில் அடையாள அட்டையோடு டேபிள் டேபிளாக நடந்துகொண்டிருந்தாள். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாகவே மாறிவிட்டிருந்தது. "ரெண்டு ஷிப்டுங்க்கா. ஆரும் கெளம்பீராதீங்க. கண்டெய்னர் வந்துரும்."

முத்துமாரி தலை நிமிரவில்லை. மடித்துக்கொண்டே இருந்தாள்.

கடைசி டேபிளில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பனியன் குவியல் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். எஸ்தர் அவளிடம் போய் நின்றாள். குனிந்து அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் காது குத்துப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

எஸ்தர் நிமிர்ந்தாள். விரல் முட்டியால் டேபிளை இரண்டு தட்டுத் தட்டினாள். அந்தப் பெண் திடுக்கிட்டு எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பனியனை எடுத்தாள்.